500 ரூபாய்க்குள் அன்றாடத்தைச் சற்று இனிதாக்கும் பொருள் எது?

மூன்றாம்மாடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகச் சென்னையில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாகக் குடியேறியிருக்கிறேன். குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், மின்னடுப்பு என்று வேலையைக் குறைக்கும் பொருள்கள் எல்லாம் வந்துவிட்டன; ஆனால் அலுவலகம் முடிந்து திரும்பும்போது ஆவலோடு எதிர்பார்க்கும்படியான ஒன்றும் வீட்டில் இல்லை. வசதி இருக்கிறது, ருசி இல்லை என்று சொல்லலாம்.

500 ரூபாய்க்குள் அடங்குவதாகவும், மின்சாரம் கேட்காததாகவும், இடத்தை அடைக்காததாகவும், அன்றாடமோ வாரத்துக்கு ஒரு முறையோ கைக்கு வருவதாகவும் உள்ள பொருள்களைச் சொல்லுங்கள். தின்பண்டமானாலும் சரி. பரிசுப்பொருள் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் வாசனை மெழுகுவத்திகளும் பொன்மொழி அச்சிட்ட குவளைகளும் மட்டும் வேண்டாம். பெயரை மட்டும் சொல்லாமல், நல்ல சரக்கை எப்படி இனங்காண்பது, வாங்கிய பின் எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

முதல்டிகாஷன்

சிறிய எவர்சில்வர் காபி ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். இரண்டு பேருக்குப் போதுமான அளவுள்ளது உங்கள் தொகைக்குள் கிடைத்துவிடும். பித்தளை ஃபில்டர் பார்க்க அழகுதான்; ஆனால் அதன் உட்புறத்துக்கு அவ்வப்போது ஈயம் பூச வேண்டியிருக்கும், பூசுபவரைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் ஓய்வு நாள்களைத் தின்றுவிடும் என்பதால் தனியாக இருப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபில்டரைவிடத் தூளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. இரண்டின் விழுக்காட்டையும் பொட்டலத்தின் மேல் அச்சிட்டாக வேண்டும். ஆகவே விளம்பர வாசகத்தைப் படிக்காமல் அந்த எண்களைப் படியுங்கள். சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த தூள். அதில் காஃபீன் கிடையாது, நிறமும் கனமும் ஒரு மெல்லிய கசப்பும் தரும். அதைக் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கருத்து இல்லை, ஏனென்றால் நிறையப் பால் சேர்த்துக் குடிக்கும் நம் வழக்கத்துக்கு 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி என்ற கலவைதான் பாலை எதிர்த்து நிற்கிறது. அதற்கு மேல் சிக்கரி போனால் குடிப்பது காபிதானா என்ற ஐயம் வந்துவிடும்.

கொட்டையை வறுத்துக் கண்முன்னே அரைத்துத் தரும் கடைகள் சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் இன்னும் இருக்கின்றன. அங்கே சென்று பிளாண்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய அராபிகா கொட்டையின் ஒரு தரம்) ரகத்தையும் பீபெரியையும் சரிபாதியாகக் கேளுங்கள். சாதாரணமாக ஒரு காபிப் பழத்துக்குள் தட்டையான இரண்டு விதைகள் ஒன்றோடொன்று முகம் பொருந்தி இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டுமே விளைந்து உருண்டையாக வரும், அதுவே பீபெரி. உருண்டையாக இருப்பதால் அது சீராக வறுபடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். எந்த ரகமானாலும் ஒரே முறையில் அரைக் கிலோ வாங்கி வைக்காதீர்கள். அரைத்த தூளின் மணம் நாளுக்கு நாள் பறந்துகொண்டே இருக்கும். தனியாளுக்கு 100 கிராம் போதும், தீர்ந்ததும் மறுபடி போகலாம். கடைக்குப் போவதும் இந்த இன்பத்தின் ஒரு பகுதிதான்.

செய்முறை எளிது. ஓட்டைகள் உள்ள மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, குடையை (நடுவில் தண்டுள்ள ஓட்டைத் தட்டு) வைத்து லேசாக அமுக்கி, கொதித்து அடங்கிய நீரைக் குடையின் மேல் படும்படி சுற்றி ஊற்றி மூடிவிட்டால், 15 முதல் 20 நிமிடங்களில் டிகாஷன் இறங்கிவிடும். பலங்கொண்டு அமுக்கினால் நீர் மேலேயே நின்றுவிடும்; அமுக்காமலே விட்டால் சடசடவென்று ஓடி வெறும் நிறத்தண்ணீராகும். இறங்கிய டிகாஷனை ஒருபோதும் அடுப்பில் ஏற்றாதீர்கள், பாலைத்தான் சுடவைத்துச் சேர்க்க வேண்டும். நாளடைவில் ஓட்டைகள் அடைத்துக்கொண்டு இறங்கத் தாமதமானால், எவர்சில்வர் மேல் பாத்திரத்தின் அடியைச் சிறு தீயில் சற்று நேரம் காட்டி, அடைப்பு கருகியதும் ஆறவிட்டுத் தட்டிக் கழுவுங்கள். தொகையில் மிச்சம் இருந்தால் ஒரு டபரா செட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பீங்கான் குவளையில் ஆற்றிக் குடிக்க வழியில்லை.

கரிசல்மண்

மேலே உள்ளவர் காபியைப் பற்றிச் சொன்ன அனைத்தும் சரி. அத்துடன் தின்பதற்கு ஏதாவது வேண்டாமா? என் பரிந்துரை கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பாசத்தில் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

வேர்க்கடலையும் வெல்லமும்தான் அதன் உடல்; மேலே தூவும் நிறமேற்றிய தேங்காய்த் துருவல் அலங்காரம். இவ்வளவு குறைந்த பொருள்களில் ஒரு பண்டம் செய்யும்போது ஒளிந்துகொள்ள இடமே இல்லை. கடலை தோல் நீங்கும் அளவுக்கு வறுபட்டு, கருகாமல் இருக்க வேண்டும். பாகு முற்றாமல் போனால் மிட்டாய் பல்லில் ஒட்டும், முற்றிப் போனால் கசக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு அது உடைகிறதா வளைகிறதா என்று பார்த்துத்தான் இறக்குவார்கள். வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறம் படியுங்கள். வெல்லத்தோடு சர்க்கரையும் குளுக்கோஸ் திரவமும் சேர்த்திருந்தால் விலை குறையும், பளபளப்பு கூடும், ஆனால் அந்த வெல்ல வாசனை வராது. கடித்தால் மடக்கென்று முறிய வேண்டும்.

தூத்துக்குடி மக்ரூனையும் விட்டுவிட மனமில்லை. முந்திரிப் பருப்பு, முட்டையின் வெண்கரு, சர்க்கரை ஆகிய மூன்றையும் கொண்டு செய்து கூம்பு வடிவில் சுட்டெடுப்பார்கள். வாயில் வைத்தவுடன் மேலோடு நொறுங்கிக் கரைந்துபோகும். ஒரே நேரத்தில் பத்துத் தின்ன முடியும் என்பதுதான் அதன் ஒரே குறை. சாத்தூர் காராச்சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் ஊரறிந்தவை என்பதால் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாம்மாடி

இருவருக்கும் மிக்க நன்றி. ஃபில்டர் வாங்குவது என்று ஏறத்தாழ முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும். நான் வீடு திரும்ப இரவு எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும். அந்த நேரத்தில் காபி குடித்தால் உறக்கம் கெடும். அந்த வேளைக்கு ஏற்ற சூடான பானம் எதுவும் உண்டா? அடுத்தது, கடற்கரைக்கு அருகில் குடியிருக்கிறேன், அப்பளம்கூட அரை மணி நேரத்தில் நமுத்துப்போகிறது. கடலைமிட்டாயும் மக்ரூனும் இங்கே தாங்குமா?

கரிசல்மண்

இரண்டுக்கும் பகை காற்றின் ஈரம்தான், வெயில் அன்று. வெல்லப் பாகும் சரி, மக்ரூனின் சர்க்கரை ஓடும் சரி, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறுக்கமாக மூடும் சிறிய எவர்சில்வர் டப்பாக்கள் இரண்டில் பிரித்து வைத்து, ஒன்று தீர்ந்த பிறகே மற்றதைத் திறங்கள். ஒரே பெரிய டப்பாவை நாள்தோறும் திறந்து மூடுவதுதான் கெடுதல். குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் வெளியே வந்ததும் மேலே நீர் கோத்துக்கொள்ளும், ஆகவே அது வேண்டாம். மக்ரூனை மழைக்காலத்தில் தவிர்த்துவிடுவது நல்லது.

பனைநிழல்

இரவு வேளைக்குச் சுக்குக் காப்பி இருக்கிறதே! பெயரில் காப்பி இருந்தாலும் காபிக்கொட்டை அதில் சேராது, எனவே உறக்கத்துக்கு இடைஞ்சல் இல்லை. சுக்கு, கொத்தமல்லி விதை, சிறிது மிளகு மூன்றையும் தனித்தனியே லேசாக வறுத்து இடித்து வைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்கு வரும். கருப்பட்டியை முதலில் தனியாக நீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். பதநீர் புளிக்காமல் இருக்கப் பனையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள் என்பதால், கருப்பட்டியின் அடியில் சிறிது வண்டல் இருப்பது இயல்பு. வடித்த நீரில் பொடியைப் போட்டுக் கொதிக்கவிட்டு இறக்குங்கள், பால் தேவையில்லை.

கருப்பட்டி வாங்குவதில்தான் கவனம் வேண்டும், ஏனெனில் சர்க்கரையைக் கலந்து காய்ச்சியது சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயரை யார் வேண்டுமானாலும் பொட்டலத்தில் எழுதிவிடலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. பதநீர் முக்கியமாகக் கோடையை ஒட்டிய சில மாதங்களில்தான் இறங்கும், பனையேறுவோரின் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. அவ்வளவு உழைப்பில் வரும் பொருள் வெள்ளைச் சர்க்கரையின் விலையை நெருங்கி விற்றால் அதில் இருப்பது சர்க்கரைதான் என்று எடுத்துக்கொள்ளலாம். கால் கிலோ வாங்கிப் பாருங்கள், சுவை பிடித்தால் அதே கடையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோடைக்கு மண்பானை வாங்கச் சொல்லி யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன், காணோம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால்தான் அது குளிர்கிறது; காற்று வறண்டிருந்தால் ஆவியாதல் விரைவாக நடக்கும். மதுரையிலோ சேலத்திலோ கிடைக்கும் குளிர்ச்சி கடற்கரையோரச் சென்னையில் முழுதாகக் கிடைக்காது. இருப்பினும் ஒரு கைப்பிடி வெட்டிவேரைக் கழுவி, மெல்லிய துணியில் முடிந்து பானைக்குள் போட்டு வைத்தால் அந்த மணத்துக்காகவே தண்ணீர் குடிக்கத் தோன்றும். சில நாள்களுக்கு ஒரு முறை முடிச்சை எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும், மணம் போனதும் மாற்றிவிட வேண்டும். பெயிண்ட் அடித்து மெருகேற்றிய பானையை மட்டும் வாங்காதீர்கள். துளைகள் அடைபட்டுவிட்டால் அது வெறும் குடம்.

வாய்க்கால்மேடு

எல்லோரும் வாய்க்குள் போவதையே சொல்கிறீர்கள். நாள்தோறும் தவறாமல் கையில் எடுக்கும் பொருள் குளியல் சோப்பு. அதை மாற்றினால் வரும் மகிழ்ச்சிக்குச் செலவு மிகக் குறைவு. உறையில் டி.எஃப்.எம் என்று ஒரு விழுக்காடு போட்டிருக்கும். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. 76 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் தரம். சந்தன வாசனை பிடிக்கும் என்றால் மைசூர் சாண்டல் சோப்பைப் பாருங்கள். மைசூர் சமஸ்தான அரசு தொடங்கிய தொழிற்சாலையின் வழியில் வருவது, இன்றும் கர்நாடக அரசு நிறுவனத்தின் தயாரிப்பு, சேர்ப்பதும் உண்மையான சந்தன எண்ணெய்.

அத்துடன் அடியில் நீர் வடியும்படி ஓட்டை உள்ள ஒரு சோப்புத் தட்டும் வாங்குங்கள். நீரில் ஊறிக் குழைந்து கிடக்கும் சோப்பைத் தொட யாருக்கும் விருப்பம் வராது. காய்ந்து கெட்டியாக இருந்தால் நெடுநாள் வரும், வாசனையும் கடைசிச் சில்லு வரை நிற்கும். இரண்டும் சேர்ந்தே 200 ரூபாயைத் தாண்டாது. மீதியில் 100 கிராம் காபித்தூளும் கருப்பட்டியும் வாங்கிக்கொண்டு, ஃபில்டரை அடுத்த மாதச் சம்பளத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வந்தேன். ஃபில்டர் இல்லாமல் தூளை வாங்கி என்ன செய்வது என்று முதல்டிகாஷன் சண்டைக்கு வருவார், ஆகவே தூளையும் அடுத்த மாதத்துக்கே தள்ளிவிடுங்கள்.