எலும்புக்குப் பரவும் புரோஸ்டேட் புற்று: என்ன சொல் போடலாம்?

அண்ணாச்சி, வணக்கம்.

நோயாளிகளுக்கான கையேட்டில், எலும்புக்குப் பரவிய எல்லாப் புற்றுக்கும் 'எலும்பரிப்பு' என்றே போடலாம் என்கிறீர்கள். சிறுநீரகப் புற்றுக்கும் தைராய்டு புற்றுக்கும் அது சரி, அவை பெரும்பாலும் எலும்பைத் தின்கின்றன. புரோஸ்டேட் புற்று அப்படியில்லை. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா என்று அது போய் உட்காரும் இடத்தில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தெரிவது வெள்ளைத் திட்டு. புற்றுச் செல்கள் எண்டோதீலின் போன்றவற்றைச் சுரந்து எலும்பாக்கிச் செல்களைத் தூண்டிவிட, அவை கண்டபடி புது எலும்பை அடுக்குகின்றன. ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறுவதும், எலும்பு ஸ்கேனுக்காக ஊசியில் போடும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் அங்கே போய்ச் சேர்வதும் இதனால்தான். 'அரிப்பு' என்று நாம் எழுதி, ரிப்போர்ட்டில் 'அடர்த்தி கூடியிருக்கிறது' என்று இருந்தால் படிப்பவர் குழம்ப மாட்டாரா?

நம் பக்கத்தில் 'எலும்புல ஏறிட்டு' என்கிறார்கள். அதையே வைத்து 'எலும்பேற்றம்' என்போம். புரோஸ்டேட்டுக்கு 'கெட்டி எலும்பேற்றம்'.

*

தம்பி,

எலும்பேற்றம் நல்லா இருக்கு. கெட்டி வேண்டாம். நம்மூரில் கெட்டி என்றால் உறுதி. இந்தப் புது எலும்போ இழைகள் ஒழுங்கில்லாமல் பின்னியது. குளத்துக்கரையில் மண்ணைக் கொட்டி மிதிக்காமல் விட்ட மாதிரி, பார்க்க உயரம், தாங்காது. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் 'கெட்டி'யை நம்பி நெல்மூட்டையைத் தூக்கினால் முள்ளெலும்பு நொறுங்கிவிடலாம். தண்டுவடம் அழுந்திக் கால் மரத்துவிட்டால் அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

'ஆக்க எலும்பேற்றம்' என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், ஆக்கம் என்றால் செல்வம், நன்மை. அதுவும் ஆகாது.

இன்னொன்று. எலும்பைக் கரைக்கும் செல்களும் அங்கே சும்மா இல்லை. ரேங்க்-எல் என்ற சமிக்ஞை அவற்றை முதிர வைக்கிறது. அவை கரைக்கும்போது எலும்பிலிருந்து வெளியேறும் வளர்ச்சிக் காரணிகள் புற்றுக்கே தீனியாகின்றன. எலும்பு முறிவு போன்ற சிக்கல்களைக் குறைக்க எலும்புக் கரைப்பைத் தடுக்கும் டெனோசுமாப் அல்லது சோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை இந்த நோயிலும் தருவது அதனால்தான். எலும்பைக் கரைக்கும் அந்தச் செல்லுக்கு 'எலும்புண்ணி' என்று என் யோசனை. மாட்டுண்ணி ஞாபகம் வரும், வந்தால் வரட்டும்.

*

அண்ணாச்சி,

எலும்புண்ணிக்கு என் ஓட்டு. 'கெட்டி'யை எடுத்துவிட்டேன். 'மிகை எலும்பேற்றம்' என்று பார்த்தேன், நிறைய இடங்களில் ஏறியது என்று படிக்க இடமிருக்கிறது. எனவே 'மிகையாக்க எலும்பேற்றம்'. முன்னால் 'மிகை' நிற்பதால் ஆக்கம் நன்மையாகாது. மற்றது 'அரிப்பு எலும்பேற்றம்', இரண்டும் சேர்ந்திருந்தால் 'கலப்பு எலும்பேற்றம்'. நீளம்தான், ஆனால் டாக்டர் வாயிலிருந்து, அடர்த்தி கூடியது என்பதற்கு, 'ஸ்கிளிரோடிக்' என்றே வரும் என்பதால், முதல் இடத்தில் அதையும் பக்கத்தில் போட்டுவிடுவோம்.

கல்லீரலேற்றம், நுரையீரலேற்றம் எல்லாம் இதே அச்சில் வந்துவிடுகின்றன. மூளையேற்றம் மட்டும் இடிக்கிறது. அதற்கு வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.