குழந்தை வாசிப்பு: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு காட்சி, பகிருங்கள்

கதைநேரம்:
ஏழு வயதுப் பையன், யானை கிணற்றை எட்டிப் பார்க்கிற படத்தில் விரலை வைத்து உறைந்து நிற்கிறான். பக்கத்திலிருந்து அப்பா, "சரி, இதுல என்ன கத்துக்கிட்ட?" பட்டென்று புத்தகம் மூடிக்கொண்டது. கேள்வியே கூடாதென்று இல்லை. கதை நடுவில், படத்தைக் காட்டி "இப்ப என்ன ஆகும்?" என்று கேட்கலாம். "விழுந்துடும்" என்றால் "ஆமா, வழுக்கி விழுந்துடும்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லிவிட்டு நகரலாம். மூன்று நான்கு பக்கத்துக்கு ஒன்று போதும். கடைசியில் நீதி கேட்டால் அது பரீட்சை.

ரெண்டாப்பு டீச்சர்:
புத்தகத்துக்கு ஒரு ஸ்டிக்கர் என்று சுவரில் அட்டவணை. ஒரு குட்டிப் பிள்ளை அலமாரி முன்னால் நின்று அட்டையைப் பார்க்கவில்லை, தடிமனைக் கிள்ளிப் பார்க்கிறது! இருப்பதிலேயே ஒல்லியானதை உருவிக்கொண்டு போனது. பரிசு வேண்டவே வேண்டாம்.

பழைய அட்டை:
டீச்சர், 'வேண்டவே வேண்டாம்' கொஞ்சம் அதிகம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில், சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்குத்தான் பிறகு ஆர்வம் குறைந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களுக்குக் குறையவில்லை. கெடுப்பது முன்பேரம். அது வரைதல், இது வாசிப்பு என்பீர்கள். ஒல்லிப் புத்தகம் தேடிய உங்கள் குட்டியே பதில்.

துணைக்கால்:
நான் பார்த்தது சின்ன விஷயம். 'கொண்டு' என்பதை ஒரு பிள்ளை "கெ..." என்று தொடங்கி, துணைக்கால் கண்ணில் பட்டதும் திரும்பி வந்து "கொ" என்றது. உடனே "ஒழுங்கா படி" என்று ஓர் அதட்டல். தானாகத் திருத்திக்கொள்கிற பிள்ளையை அதட்டலாமா? மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டிருங்கள், அதுவே சரிசெய்துகொள்ளும்.

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் ஐந்து சொல் தெரியாவிட்டால் புத்தகம் கடினம் என்று விரல் மடக்கிப் பார்ப்பார்கள். தமிழில் அது மட்டும் போதாது. 'பார்த்துக்கொண்டிருந்தான்' தெரிந்த சொல்தான், ஆனால் பன்னிரண்டு எழுத்து. வால் வருவதற்குள் தலை மறந்துபோகும். பென்சிலால் லேசாகக் கோடு போட்டு 'பார்த்துக் / கொண்டிருந்தான்' என்று பிரித்துக் கொடுங்கள். 'வந்துட்டான்' என்று பேசுகிற பிள்ளைக்கு 'வந்துவிட்டான்' காதிலும் புதுசு. அதனால் உரையாடல் பேச்சுத்தமிழிலேயே இருக்கும் புத்தகத்தில் தொடங்குங்கள்.

முக்கியமாக, பிள்ளை எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் நாம் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். பெரிய தப்பு. தானாகப் படிக்க முடிகிற கதையைவிடச் சிக்கலான கதை காதால் கேட்டால் புரியும். அந்த இடைவெளி பத்து வயது தாண்டியும் இருக்கும். எளிய புத்தகத்தை அது படிக்கட்டும், பெரிய கதையை நீங்கள் வாசியுங்கள்.

மூணாவது தடவை:
ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதென்று ஒளித்து வைப்பவர்களுக்கு: அலுப்பில் ஓர் அம்மா ஒரு வரியைத் தாண்டிவிட்டார். எழுத்தே தெரியாத மூன்று வயது, பக்கத்தைப் பின்னால் திருப்பி, "காக்கா இன்னும் பேசலை" என்றது.