வாசிப்புப் பகுதி வினாக்களில் ‘தொனி’: மாற்றுச் சொல் ஒன்று வேண்டும்

கிளிநொச்சியிலிருந்து

வணக்கம்.

“இப்பகுதியின் தொனி யாது?” என்ற வினாவுக்குப் பிள்ளைகள் “நீர்ப்பாசனம்” என்றும் “விவசாயிகளின் பிரச்சினை” என்றும் விடை எழுதுகிறார்கள். புள்ளியைக் குறைப்பதற்கு முன் நாங்கள் கொடுத்த சொல்லைப் பார்க்க வேண்டும். எங்கள் பதாகைகளிலும் பத்திரிகைகளிலும் “‘நீரைக் காப்போம்’ எனும் தொனிப்பொருளில் நடைபெற்ற விழா” என்றுதான் எழுதுகிறோம். அங்கே தொனிப்பொருள் என்பது மையக் கருத்து. அப்படியானால் தொனியும் அதற்குப் பக்கத்தில் எங்கோ இருக்கும் என்று பிள்ளை ஊகிப்பதில் பிழையில்லை.

இன்னொரு சிக்கல் பழையது. 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் ‘த்வனி’ என்று வகுத்தது சொல்லாமல் உணர்த்தப்படும் குறிப்புப் பொருளை. தமிழ்த் திறனாய்விலும் தொனி அந்தப் பொருளில் ஊன்றிவிட்டது. ஆக, குரலின் ஓசை, குறிப்புப் பொருள், விழாவின் கரு என்று ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. நாங்கள் கேட்க விரும்புவதோ நாலாவது ஒன்று: சொல்பவர் எந்த மனநிலையில் நின்று, கேட்பவரை எப்படி மதித்துச் சொல்கிறார்?

1929இல் ஆங்கிலத் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் பொருளை நான்காகப் பிரித்தபோது, விடயத்தின் மீதுள்ள உணர்வை ஒன்றாகவும் கேட்பவர் மீதுள்ள நிலைப்பாட்டை வேறொன்றாகவும் வைத்தார். நாம் தமிழாக்க முயலும் ‘tone’ என்ற ஆங்கிலச் சொல்லை அவர் இட்டது இரண்டாவதற்கு. பாடசாலையில் இரண்டும் சேர்ந்தே கேட்கப்படுகின்றன. எழுபது சொல் கொண்ட பகுதியில் இரண்டையும் பிரித்துக் காட்ட இடமுமில்லை. ஆகையால் புதுச் சொல் இரண்டையும் தாங்க வேண்டும்.

இதை வைத்துப் பாருங்கள் (வான் பாய்வது என்றால் குளம் நிரம்பி வழிவது, துருசு என்றால் குளத்து மதகு):

“இம்முறையும் குளம் நிறைந்து வான் பாய்ந்தது. துருசைத் திருத்தித் தருவதாகப் போன வருடமும் வந்து சொன்னார்கள். அதற்கு முந்திய வருடமும் வந்து சொன்னார்கள். தண்ணீர் வராவிட்டாலும் வாக்குறுதி மட்டும் கடைசி வயல்வரை தவறாமல் பாய்கிறது.”

இதன் கரு நீர்ப்பாசனக் குறைபாடு. நாங்கள் எதிர்பார்க்கும் விடை ‘கசப்புக் கலந்த எள்ளல்’. சான்றுகள் மூன்று: “வந்து சொன்னார்கள்” இருமுறை வருவது, ‘மட்டும்’, ‘தவறாமல்’. இந்த மூன்றையும் நீக்கிவிட்டு வாசித்தால் எள்ளல் போய்விடும், முறைப்பாடு மட்டும் மிஞ்சும்.

மாற்றுச் சொற்களில் ‘மெய்ப்பாடு’ முதலில் நினைவுக்கு வரும். ஆனால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாடுகள் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. அவை உடலில் புலப்படும் உணர்ச்சிகள். எள்ளலை நகைக்குள் அடக்கலாம். நடுநிலையையும் ஐயத்தையும் எங்கே வைப்பது? ‘மனப்பாங்கு’ நல்ல சொல்தான், ஆனால் அது ஆளின் உள்ளத்தைச் சுட்டுகிறது. எழுத்தில் எங்களுக்குக் கிடைப்பது அதன் தடம் மட்டுமே. ‘நடை’ முழுப் பாணிக்கும் உரியது. என் பரிந்துரை ‘கூற்றுப்பாங்கு’. தலைவி கூற்று, தோழி கூற்று என்று ‘யார் பேசுகிறார்’ என்பதை எங்கள் மரபு கூற்றால்தான் குறித்தது.

முல்லைத்தீவிலிருந்து

ரீச்சர், காரணங்கள் எல்லாம் சரி. ‘பாங்கு’ நிற்கட்டும், ‘கூற்று’ வேண்டாம். “பின்வரும் கூற்றுகளில் சரியானது எது?” என்று விஞ்ஞானம் முதல் வரலாறு வரை எல்லா வினாத்தாளிலும் கூற்று வருகிறது. அங்கே அது உண்மை பொய் பார்க்கவேண்டிய வாக்கியம். ‘கூற்றுப்பாங்கு’ என்று கண்டால் பிள்ளை வாக்கியம் சரியா பிழையா என்று தேடத் தொடங்கும்.

என் பரிந்துரை ‘குரற்பாங்கு’. எழுத்தை வாசித்தாலும் ஒரு குரல் காதில் விழவேண்டும், அந்தக் குரல் என்ன பாங்கில் இருக்கிறது என்பதே வினா. பிள்ளைக்கு விளக்கவும் இலகு: “இதை எழுதினவர் உனக்கு முன்னால் நின்று கதைத்தால் எப்படிக் கதைப்பார்?”

சொல்லை மாற்றினாலும் கற்பிக்கும் முறை மாறாவிட்டால் பயனில்லை. ஆங்கிலப் பாடத்தைப் பார்த்துத் தயாரித்த தாள்கள் பெயரடைகளையே தேடச் சொல்கின்றன. தமிழில் மனநிலை பெரும்பாலும் இடைச்சொல்லிலும் வினைமுற்றிலும் ஒளிந்திருக்கிறது. “அவர் கெட்டிக்காரர்” என்பது பாராட்டு. “அவர் கெட்டிக்காரராம்” என்றால் சொல்பவர் பொறுப்பேற்கவில்லை; இடத்தைப் பொறுத்து ஐயமாகவோ ஏளனமாகவோ போகும். “அவராவது வந்தார்” என்பதில் மற்றவர்கள் மீது மனத்தாங்கல் இருக்கிறது. “அவரும் வந்தார்” வெறும் எண்ணிக்கையாகவும் இருக்கலாம், எதிர்பாராத வரவாகவும் இருக்கலாம். எது என்பதை முன்வாக்கியம் சொல்லும். நன்னூல் ஓகாரத்துக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அதில் ‘கழிவு’ என்பது போனதை எண்ணி இரங்குவது. இதை இலக்கணப் பாடத்தில் மனனம் செய்விக்கிறோம், வாசிப்புப் பாடத்தில் எடுப்பதேயில்லை.

மரியாதை மாறுமிடமும் அப்படித்தான். ஒரு பகுதியில் “வந்தவர், இருந்தவர்” என்று போய்க்கொண்டிருந்த எழுத்து ஓரிடத்தில் “வந்தது, நின்றது” என்று இறங்கினால், அங்கே வெறுப்போ செல்லமோ நுழைந்திருக்கிறது. ஆளைப் பற்றிய செய்தி மாறவில்லை, குரல் மாறிவிட்டது. பிள்ளைகள் அந்த வினைமுற்றின் கீழ் கோடிடப் பழகவேண்டும்.

அணியைப் பற்றியும் ஒன்று. மாதிரிப் பகுதியில் “வாக்குறுதி பாய்கிறது” என்பதைப் பலர் அணி என்றே கண்டுபிடிக்க மாட்டார்கள். ‘போல’ இல்லை, ‘ஆகிய’ இல்லை, ‘என்னும்’ இல்லை. தண்ணீருக்குரிய வினையை வாக்குறுதிக்கு ஏற்றியதுதான் அங்கே நடந்தது. ஒன்றன் வினையை அதற்கு ஒப்பான இன்னொன்றின் மேல் ஏற்றுவதைத் தண்டியலங்காரம் குணங்களில் ஒன்றாக எடுத்துச் ‘சமாதி’ என்று பெயரிட்டது. இன்றைக்கு அந்தப் பெயரை வகுப்பில் சொல்ல முடியாது, கல்லறையைத்தான் நினைப்பார்கள். ‘வினையேற்றம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுபுறம், ‘போல’ கண்ட இடமெல்லாம் உவமை என்று எழுதுகிறார்கள். “மழை வரும்போல இருக்கிறது” என்பதில் ஒப்பீடு இல்லை, ஊகம்தான். ஒப்பிடப்படும் பொருள் இரண்டு இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தபிறகே உவமை என்று எழுதவேண்டும்.

வவுனியா வடக்கிலிருந்து

‘குரற்பாங்கு’ எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரு தடை மட்டும்: “உரத்த குரல்”, “மெல்லிய குரல்” என்று விடை வரும். ஆகவே வினாவோடு சொற்பட்டியல் கொடுக்கவேண்டும். எள்ளல், கசப்பு, பரிவு, இரங்கல், ஏக்கம், வியப்பு, பெருமிதம், கண்டிப்பு, ஐயம், நடுநிலை ஆகிய பத்தும் தரம் 8க்குப் போதும். தரம் 10இலிருந்து பட்டியல் இல்லாமல் எழுதட்டும், இரண்டு சொல்லைச் சேர்த்தும் எழுதட்டும்.

முல்லைத்தீவுச் சேர் சொன்னதோடு ஒரு பயிற்சியைச் சேர்க்கிறேன். செய்தியை மாற்றாமல் மூன்று வாக்கியம் கொடுங்கள்:

“குளத்தில் தண்ணீர் வற்றிவிட்டது.”
“குளம் கண்ணை மூடிவிட்டது.”
“குளம் கையை விரித்துவிட்டது.”

மூன்றிலும் தண்ணீர் இல்லை என்பதுதான் செய்தி. முதலாவது நடுநிலை. இரண்டாவது இரங்கல், ஏனென்றால் கண்மூடுதல் சாவுக்குச் சொல்லும் மங்கல வழக்கு. மூன்றாவது ஏமாற்றம், கேட்டுப் போனவரைத் திருப்பியனுப்பும் செயல் அது. அணியும் குரற்பாங்கும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பது இதில் உடனே விளங்கும். “இங்கே மரபுத்தொடர் வந்துள்ளது” என்று மட்டும் எழுதும் விடைக்கு அரைப்புள்ளியும் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தத் தொடர் என்ன மனநிலையைக் கொண்டுவந்தது என்று சொல்லவேண்டும்.

திரும்பவும் கிளிநொச்சியிலிருந்து

‘கூற்று’ பற்றி முல்லைத்தீவுச் சேர் சொன்ன தடை நியாயமானது. ‘கூற்றுப்பாங்கை’ விலக்கிக்கொள்கிறேன்.

பதிவுக்கு இப்படி எழுதலாமா? “குரற்பாங்கு: சொல்பவர் தாம் சொல்லும் விடயத்தின் மீதும் கேட்பவர் மீதும் கொண்ட நிலைப்பாடு, சொற்தெரிவிலும் இடைச்சொல்லிலும் வாக்கிய அமைப்பிலும் புலப்படும் விதம்.” வாசகருக்கு உண்டாகும் உணர்ச்சியை இதற்குள் சேர்க்கவில்லை. அதற்கு ‘உணர்வுச்சூழல்’ இருக்கட்டும். இந்த இரண்டும் கலப்பதால்தான் “எனக்குக் கவலையாக இருந்தது” என்ற விடை வருகிறது. கதைமாந்தர் அழுவதும் குரற்பாங்கு அல்ல. அழுகிறவரைச் சொல்பவர் கண்டிப்போடு பார்க்கலாம்.

வினா வடிவம்: 60 முதல் 80 சொல் கொண்ட பகுதி, மூன்று புள்ளி. குரற்பாங்கின் பெயருக்கு ஒன்று, பகுதியிலிருந்து எடுத்தெழுதும் இரு சான்றுகளுக்கு ஒவ்வொன்று. பெயர் சற்று விலகினாலும் சான்றுகள் அதைத் தாங்கினால் முழுப்புள்ளி கொடுக்கவேண்டும். ‘எள்ளல்’ என்பதற்குப் பதில் ‘கசப்பு’ என்று எழுதி ‘மட்டும்’, ‘தவறாமல்’ இரண்டையும் காட்டிய பிள்ளை சரியாகத்தான் வாசித்திருக்கிறது. சான்றில்லாத பெயர் ஊகமாகவும் இருக்கலாம், அதற்கு ஒரு புள்ளிக்கு மேல் வேண்டாம்.

அணிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக ‘உருவக மொழி’ என்று சில தாள்களில் வருகிறது. உருவகம் அணிகளில் ஒன்று மட்டுமே. ‘அணிமொழி’ என்றால் உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, வினையேற்றம் எல்லாம் அடங்கும். இதில் யாருக்கும் மறுப்பிருக்காது என்று நினைக்கிறேன்.

முல்லைத்தீவிலிருந்து

அணிமொழி சரி. பதிவில் ‘குரற்பாங்கு’ என்று புணர்த்தியே போடுங்கள் ரீச்சர். ‘குரல் பாங்கு’ என்று பிரித்து அச்சிட்டால் பிள்ளை குரலைத் தனியாக வாசித்து உரத்தது, மெல்லியது என்றுதான் எழுதும். பன்மைக்குக் ‘குரற்பாங்குகள்’, மாற்றத்துக்குக் ‘குரற்பாங்கு மாற்றம்’. அடுத்த தவணைத் தாளில் முதன்முறை வரும்போது அடைப்புக்குறிக்குள் ‘தொனி’ என்றும் போடவேண்டும். பழைய தாள்களில் பயிற்சி செய்த பிள்ளை தடுமாறக்கூடாது. இரண்டு தவணைக்குப் பிறகு அதை எடுத்துவிடலாம்.