நனிசைவத்துக்கு மாறியபோது மளிகை வாங்கிய அனுபவங்கள்

அரைப்படி:
விலங்கிலிருந்து வரும் எந்த உணவும் வேண்டாம் என்ற நனிசைவத்துக்கு மாறி, பாலையும் தயிரையும் விட்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. முதல் மாதம் நான் எழுதிச் சென்ற மளிகைச் சிட்டையை இன்னும் மறக்க முடியவில்லை. பாதாம் பால், டோஃபு, முந்திரி, ஓட்ஸ் என்று நீண்ட அதைக் கடை அண்ணாச்சியிடம் நீட்டி, இனி எங்கள் வீட்டில் பாலும் நெய்யும் கிடையாது என்று விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, "பாலை நிறுத்தினால் செலவு குறையத்தானே வேண்டும் தங்கச்சி, எப்படிக் கூடுகிறது?" என்றபடியே நான்கு வரிகளையும் அடித்தார். அடித்த இடத்தில் நிலக்கடலை ஒரு கிலோ, கறுப்பு எள் கால் கிலோ, கொள்ளு அரைக் கிலோ, கேழ்வரகு இரண்டு கிலோ என்று எழுதினார். நாங்கள் அன்றாடம் உண்ணும் இட்லி, புளிக்குழம்பு, சுண்டல், துவையல் எதிலுமே பால் இல்லை என்பது அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தமக்கு வரவேண்டிய பணம் குறையும் என்று தெரிந்தே அடித்தவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன், அதுதான் உறுத்துகிறது.

செம்மண்:
அண்ணாச்சி எழுதிக் கொடுப்பார். வைத்துக் காப்பது நம் பாடு. தை அறுவடை முடிந்த கையோடு சந்தையில் தட்டைப்பயறு மலிவாகக் கிடைக்கிறதே என்று பத்துக் கிலோ வாங்கித் தகர டப்பாவில் கொட்டி வைத்தேன். சித்திரையில் ஒரு நாள் இரவு, வீடு அடங்கிய பிறகு, அந்த டப்பாவுக்குள்ளிருந்து மெல்லிய சரசரப்பு கேட்டது. மூடியைத் திறந்தபோது பயறு அசைந்துகொண்டிருந்தது. பாதிக்கு மேல் ஓட்டை விழுந்திருந்தது. மீதியின் தோலில் வெள்ளைப் புள்ளிகளாக முட்டைகள் ஒட்டியிருந்தன. உயிருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பதற்காகவே பாலை விட்டவன் நான். காலையில் அப்பத்தா பயற்றை மொட்டை மாடி வெயிலில் பரப்பி, முறத்தால் புடைக்கத் தொடங்கியபோது, பறந்த வண்டுகள் பறக்க, சுருண்டவை சுருள, நான் பக்கத்தில் நிற்க முடியாமல் இறங்கி வந்துவிட்டேன். மிச்சமான நான்கு கிலோவை அப்பத்தா சமைத்தார். என்னால் உண்ண இயலவில்லை.

எள்ளுப்பூ:
அரைப்படி அவர்களின் கருத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. நம் சமையலில் பெரும்பாலும் பால் இல்லை என்பது உண்மை. ஆனால் தேவையானவை எல்லாம் மளிகைக் கடையில் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் நான் மூன்றாண்டுகள் சோறு, பருப்பு, கீரை என்று நிறைவாக உண்டு வந்தேன். ஒரு நாள் பேருந்திலிருந்து இறங்கும்போது கீழ்ப்படி காலுக்குத் தட்டுப்படவில்லை. பாதம் மரத்துப்போயிருந்தது. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், "பி12 எதிலிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டார், என்னிடம் விடையில்லை. அந்த உயிர்ச்சத்து பருப்பிலோ கீரையிலோ நம்பத்தக்க அளவில் இல்லை. மாத்திரையாகவோ, அது சேர்க்கப்பட்ட உணவாகவோதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த மாத்திரை அட்டையும் இருக்கட்டும். மற்றபடி, அண்ணாச்சி கேழ்வரகும் எள்ளும் எழுதியது மிகச் சரி. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. பசும்பாலில் 120 அளவுக்குத்தான். தோல் நீக்காத எள்ளில் அது 100 கிராமுக்கு 900 மில்லிகிராமைத் தாண்டும்.

பத்தாயம்:
என் அனுபவம் சிறியது. நியாயவிலைக் கடையில் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, பின்னால் நின்ற பாட்டி, "பருப்பை ஏன் தாயி விடுகிறாய்? எங்கள் வீட்டில் பால் வாங்கினதே இல்லை, இந்தப் பருப்புத்தான் என் பிள்ளைகளை வளர்த்தது" என்றார். நான் கொள்கையாக விட்டது அவருக்கு வாய்க்காமலே போன ஒன்று. அன்றிலிருந்து கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பை ஒரு மாதமும் நான் விட்டதில்லை.

புதிதாகத் தொடங்குவோருக்குச் சில சொல்ல வேண்டும். முதலில் செம்மண் அவர்களுக்கு: அந்த வண்டு உங்கள் டப்பாவில் தோன்றியதன்று, வயலிலேயே காயின் மீது முட்டையிட்டு, பயற்றுக்குள் புகுந்து வீட்டுக்கு வருகிறது. ஆகவே வாங்கிய அன்றே நன்றாக வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவி, காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்து வையுங்கள். எங்கள் பக்கத்தில் துவரைக்குச் செம்மண்ணைக் கரைத்துப் பூசிக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். அடுத்தது தயிர். நிலக்கடலையை இரவு ஊறவைத்துத் தோல் நீக்கி, அரைத்து வடிகட்டிய பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் நான்கைந்து பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் உறைந்திருக்கும். மோர்க்குழம்புக்கு அது போதும். சோயா உருண்டையில் காய்ந்த எடையில் பாதியளவு புரதம் என்பதால், கால் கிலோ வாங்கினால் சிறு குடும்பத்துக்குப் பல வேளை வரும். பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளியை நம்பி ஏமாறாதீர்கள். அது சைவத்துக்கான குறி; பால் பொருளுக்கும் அதே புள்ளிதான். நனிசைவ உணவுக்கென்று தனிக் குறி 2022-ஆம் ஆண்டின் விதிமுறையில்தான் வந்தது. மோர் மிளகாய் வாங்குவோர் அது தயிரில் ஊறியது என்பதை மறக்க வேண்டாம். அதற்குப் பதில் மோர் சேர்க்காத கொத்தவரை வற்றல், சுண்டை வற்றல் இருக்கின்றன.

செம்மண்:
பத்தாயம் அவர்களுக்கு நன்றி. விளக்கெண்ணெய் முறையை அப்பத்தாவும் சொன்னார். அந்த எண்ணெய் முட்டையைப் பொரியவிடாமல் செய்கிறது, அதுவும் உயிருக்குத் தீங்குதானே என்பதால், எனக்கு அது இரவில் கேட்ட அந்தச் சரசரப்புக்கு விடையாகத் தோன்றவில்லை. இப்போது மாதத்துக்கு ஒரு கிலோ மட்டும் வாங்கி, முப்பது நாளுக்குள் சமைத்துத் தீர்த்துவிடுகிறேன். சந்தை விலையை விடக் கூடத்தான் ஆகிறது, கொடுத்துவிடுகிறேன்.