புதுப்பிப்பு: உறை சிக்கும் ரைஃபிளைச் சுத்தம் செய்தது

சுட்டு முடித்த தோட்டாவின் உறை சேம்பரிலேயே (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) சிக்கிக்கொள்கிறது என்று முன்பு என் அரைத் தானியங்கி ரைஃபிளைப் பற்றிக் கேட்டிருந்தேன். இப்போது அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது. உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியிலும் சேம்பரின் சுவரிலும் கரி இறுகிப் படிந்திருந்ததே காரணம்.

பிரிப்பதற்கு முன் தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டு, அதன் பிறகே சேம்பரை மூடும் போல்ட்டை இழுத்துச் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதித்தேன். இந்த வரிசையை மாற்றவே கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட்டை இழுத்து விட்டால், வெளியேறிய தோட்டாவின் இடத்தில் அடுத்தது ஏறிவிடும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளபடி மட்டும் பிரித்தேன்.

குழலைச் சேம்பர் பக்கத்திலிருந்து முன்முனையான வாய் நோக்கித் துடைப்பதே நல்லது, ஏனெனில் வாய் விளிம்பில் துடைக்கும் கம்பி உரசித் தேய்ந்தால் குறியின் துல்லியம் கெடும். சுடும்போது எழும் வாயுவால் நகரும் பிஸ்டனுக்கு எண்ணெய் இடவில்லை. அங்குள்ள வெப்பத்தில் அது கருகி மீண்டும் கரியாகிவிடும். போல்ட்டின் உராயும் பரப்புகளுக்கு மெல்லிய பூச்சே போதுமானது. கரியில் ஈயமும் கலந்திருப்பதால், காற்றோட்டமுள்ள இடத்தில் கையுறையுடன் வேலை செய்து, பிறகு கைகளைச் சோப்பால் கழுவுங்கள்.