ராக் இல்லாமல் இரண்டு சேர்வர்: எப்படி வைப்பது?

அண்ணாமார், தம்பிமார், ஒரு உதவி வேணும். மட்டக்களப்பு கல்லடியில் கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. கொழும்பில் பாவித்த டெல் ஆர்720 சேர்வர் ஒன்றும் ஆர்620 ஒன்றும் மலிவாகக் கிடைத்தன, வாங்கிவிட்டேன். சேர்வர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டும் இரும்புச் சட்டமான ராக் வாங்கக் காசு இல்லை.

இப்போதைக்கு ஸ்டோர் அறையில் மேசை மேல் 2யு உயரமான ஆர்720, அதன் மேல் அதில் பாதி உயரமான 1யு ஆர்620 (யு என்பது சேர்வர் பெட்டியின் உயர அளவு). கீழே உள்ளதன் மூடி பாரத்தில் வளையுமோ என்று பயம். சுவரோடு சாய்த்து நிமிர்த்தி வைத்தால் இடம் மிச்சம். ஆனால் முன்னால் குளிர்காற்றை இழுத்துப் பின்னால் சூட்டைத் தள்ளும் பெட்டி இது, பின்பக்கம் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? நிமிர்த்தினால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பாதிப்பு உண்டா? யாராவது அப்படி ஓட்டியிருக்கிறீர்களா?

மூடியைக் கழற்றி மேசை பேன் பிடிக்கச் சொன்னார் ஒரு நண்பர். அது சரிவராது, மூடி இருந்தால்தான் காற்று பிராசசர் பக்கம் ஒழுங்காகப் போகும்.

பெரிய தலையிடி சூடு. இரண்டும் சும்மா நிற்கும்போதே ஏறத்தாழ 250 வாட், அவ்வளவும் அறைக்குள் சூடாகத்தான் இறங்குகிறது. சூடான கச்சான் காற்று வீசும் நாளில் ஜன்னலைத் திறந்தால் இன்னும் மோசம், உப்புக்காற்று வேறு. சேர்வர் உள்ளிழுக்கும் காற்று 27 பாகைக்குள் இருப்பது நல்லதாம். இங்கே ஏசி இல்லாமல் அது நடக்குமா? பின்பக்கச் சூட்டை மட்டும் எக்ஸ்ஹோஸ்ட் பேன் போட்டு வெளியே தள்ளினால் போதுமா?

சத்தத்தைப் பற்றிக் கேட்கவேண்டாம். அம்மா அந்த 1யு பெட்டியை அரிசி மில் என்கிறார்.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் செய்தவர்கள் இருந்தால் படம் போடுங்கள். பழைய இரும்பு ராக் விற்க இருந்தாலும் சொல்லுங்கள்.