நான் போய் நின்றபோதே இன்ஜின் சூடாக இருந்தது

பழைய ஸ்கூட்டர் வாங்கப் போய் பல்பு வாங்கியவர்கள் உங்கள் கதையைக் கீழே எழுதுங்கள். முதலில் என் கதை.

அலுவலகம் போய் வர தினமும் 22 கிலோமீட்டர். அதில் பாதி, சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று போகிற பாதை. இதற்குப் புது வண்டி எதற்கு என்று ஐந்து வருடம் ஓடிய 110 சிசி ஸ்கூட்டர் ஒன்றைப் பார்க்கப் போனேன். பத்து மணிக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன், அதுதான் முதல் தப்பு. போனால் வாசலில் துடைத்துப் பளபளவென்று நிற்கிறது. செல்ஃபைத் தொட்டதும் பட்டென்று பிடித்தது. புகை இல்லை, சத்தம் இல்லை, தெரு முனை வரை போய் வந்ததில் பிக்கப்பும் நன்றாகவே இருந்தது. ஆனால் ஏறி உட்காருவதற்கு முன்பே சைலன்சர் பக்கம் கால் பட்டுச் சுரீர் என்றது. வெயிலில் நின்ற வண்டிதானே என்று நினைத்துக்கொண்டேன். விற்றவர்கூட அப்படிச் சொல்லவில்லை, நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன், இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

மறுநாள் காலை செல்ஃபை அழுத்தினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். கிக்கரில் ஏழெட்டு உதை விட்டபிறகு பிடித்தது, கூடவே சைலன்சரிலிருந்து நீலப் புகை கிளம்பி பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். இரண்டே நிமிடம், அப்புறம் புகை இருந்த இடம் தெரியவில்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "வால்வு சீல் காஞ்சு போச்சு சார், ராத்திரி பூரா நிக்கும்போது ஆயில் மெதுவா உள்ளே இறங்குது, காலையில முதல் ஸ்டார்ட்ல அது எரியுது, ஓடிச் சூடானா உங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றார். பேட்டரியை மீட்டரில் வைத்தார், 12 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. நல்ல பேட்டரி என்றால் வண்டி அணைந்து நிற்கும்போது 12.6 பக்கம் காட்டும். ஆக, நான் போவதற்கு அரை மணி நேரம் முன்னால் வண்டியை ஒரு சுற்று ஓட்டி வைத்திருந்தால் போதும், இரண்டு கோளாறும் என் கண்ணில் படாது. விற்றவரும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

அந்த வண்டியைச் சரி செய்து, குறையைச் சொல்லியே விற்றேன். அடுத்தது தேடும்போது ஒரே நிபந்தனை, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணக்கூடாது. ஒருவர் சரி சரி என்றார், போய் இன்ஜின் மேல் கையை வைத்தால் கதகதப்பு. கேட்டால், "பையன் இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தான்." உண்மையாகவே பையன் போயிருக்கலாம். சாவியைக்கூட வாங்காமல் திரும்பிவிட்டேன்.

* * *

எனக்கு டயர்தான் உண்மையைச் சொன்னது. 2017 மாடல் வண்டி, மீட்டரில் 9,000 சொச்சம். வீட்டில் பெண்கள் மட்டும் ஓட்டியது என்ற வழக்கமான வசனம். (நானும் பெண்தான், வருடத்துக்குப் பத்தாயிரம் ஓட்டுகிறேன், இந்த வசனத்தை யார் கண்டுபிடித்தார்களோ.) குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன். சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முன் டயரில் 1421, அதாவது 2021இன் 14ஆவது வாரம் தயாரானது. பின் டயரிலும் 21தான். பத்தாயிரம் கூட ஓடாத வண்டிக்கு எதற்கு இரண்டு டயரும் மாற்றினார்கள்? நேராகவே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மீட்டர் கேபிள் கொஞ்ச நாள் அறுந்து கிடந்தது" என்றார். எத்தனை நாள் என்றால் பதில் இல்லை. கைப்பிடி ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது, கால் வைக்கிற இடத்தில் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பே போயிருந்தது. முப்பதாயிரத்துக்குக் குறையாது என்று என் கணக்கு. வண்டி மோசம் இல்லை, பொய்தான் பிடிக்கவில்லை, வாங்கவில்லை.

* * *

மேலே எழுதியவருக்கு நேர் எதிர் அனுபவம் என்னுடையது. என் வண்டியின் மீட்டர் நூற்றுக்கு நூறு உண்மை, ஏழு வருடத்தில் 4,000 கிலோமீட்டர்தான். லாட்டரி அடித்த மாதிரி சந்தோஷப்பட்டேன். ஓடாத வண்டியைப் போலத் தொல்லை பிடித்தது வேறில்லை என்று அப்புறம்தான் புரிந்தது. பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற சின்னத் துளை (ஜெட்) அடைத்திருந்தது, டயரின் மேல்பக்கம் தேயாமல் அப்படியே இருந்தும் ரப்பர் கல்லாகிப் பக்கவாட்டில் கோடு கோடாக வெடிப்பு, மழையில் வளைவில் திரும்பும்போது உயிர் கையில். முன் சக்கரத்து ஷாக் அப்சார்பர் (ஃபோர்க்) ஆயில் சீல் ஒரே மாதத்தில் ஒழுக ஆரம்பித்தது. தினமும் ஓடி ஒழுங்காக ஆயில் மாற்றிய 25,000 கிலோமீட்டர் வண்டியும் இதுவும் பக்கத்தில் நின்றால் இப்போது கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுப்பேன். இந்த இன்ஜின்களில் ஆயிலே ஒரு லிட்டருக்குக் குறைவுதான் பிடிக்கும், அதை மாற்றாமல் ஓட்டியிருந்தால் மீட்டர் எவ்வளவு காட்டினால் என்ன.

* * *

பெல்ட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு ரப்பர் பெல்ட். வாங்கி மூன்றாவது வாரம், மாலை நெரிசலில் பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரைத் திருகுகிறேன், இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. கவரைக் கழற்றினால் உள்ளே பஞ்சு மாதிரி பெல்ட் நார். மாடலைப் பொறுத்து இருபது, இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டியது, என்னுடையது 31,000. இதை ஓட்டிப் பார்க்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா என்றால் பெல்ட்டை முடியாது, கவரைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் கிளம்பும் நொடியில் வண்டி உதறினால் இன்ஜின் விசையைப் பின் சக்கரத்தோடு சேர்க்கிற கிளட்ச் ஷூவைச் சந்தேகப்படலாம். சிட்டியில் நின்று நின்று ஓடும் வண்டிக்கு அது சீக்கிரம் தேயும். மெதுவாக, ஊர்ந்து போகிற வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள், வேகமாக ஓட்டிக் காட்டினால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரே விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் ஹேண்டில் பேரிங் போய்விட்டது.

* * *

நான் விற்றவன். எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். என் வண்டியைப் பார்க்க ஒன்பது பேர் வந்தார்கள். எல்லா சர்வீஸ் ரசீதையும் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன், பெல்ட், ரோலர் மாற்றிய தேதி வரை இருக்கிறது. ஒன்பதில் எட்டுப் பேர் அந்தக் கவரைத் தொடவில்லை! முன் பேனலில் ஒரு கீறல் இருந்தது, எட்டுப் பேரும் அதைத்தான் தடவித் தடவிப் பார்த்து, விழுந்த வண்டியா என்று கேட்டு விலையைக் குறைத்தார்கள். மெக்கானிக்கை அழைத்து வாருங்கள் என்று நானே சொன்னாலும் "அதெல்லாம் எங்களுக்கே தெரியும் சார்." ஒன்பதாவதாக ஒரு கல்லூரிப் பெண் அப்பாவோடு வந்தாள். அப்பா பேசிக்கொண்டே இருந்தார், அவள் பேசாமல் பதிவுச் சான்றை வாங்கி சேசிஸ் நம்பரை வண்டியில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டாள், கடன் பாக்கி இருக்கிறதா என்று கேட்டாள், பிறகு ரசீதுகளைத் தேதிவாரியாகத் தரையில் அடுக்கினாள். கீறலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்ட விலையிலிருந்து நானாகவே கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். கடைசியில் வாங்கியது எப்படி என்று கேட்டிருந்தார்கள். விற்பவர் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். போனபோது சீட் மேல் பனி ஈரம்கூடத் துடைக்காமல் இருந்தது. இன்ஜின் ஜில்லென்று. இரண்டாவது அழுத்தலில் பிடித்தது, சைலன்சர் பக்கம் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தேன், லேசான ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பின் பிரேக் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்று அவரே சொன்னார். மாற்றினேன். இரண்டு வருடம் ஆகிறது, இன்று காலையும் அதில்தான் அலுவலகம் வந்தேன்.